சாயங்காலமானால் இமை சரிகிறதா? கண்ணில் தெரிந்து நெஞ்சில் இருக்கும் நோய்கள்

எங்கள் பெரியம்மா தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், "நாரு ரெண்டா தெரியுதுடா, எதுல முடிச்சு போடறதுன்னே தெரியல" என்றார். வயது 58, பவர் மாறியிருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனோம். புதுக் கண்ணாடி வந்தது, ஒன்றும் மாறவில்லை. இன்னொரு கண்ணாடி, அதிலும் மாறவில்லை. அப்புறம் ராத்திரி டிவி பார்க்கும்போது மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். தூக்கம் வருதா பெரியம்மா என்று கேட்டால், "இல்லப்பா, இமையத் தூக்கவே முடியல" என்பார். கண் டாக்டரிடம் எப்போதும் காலை பத்து மணிக்குத்தான் டோக்கன் கிடைக்கும், அந்த நேரத்தில் கண் பளிச்சென்று இருக்கும், இமை நேராக நிற்கும், லேசாகக் கண்புரை ஆரம்பம், அவசரமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நான்கு மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் தற்செயலாக இரவு ஏழு மணிக்கு வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. "அம்மா, மேல ஃபேனையே பாருங்க, நான் சொல்ற வரைக்கும் கண்ண இறக்காதீங்க" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, இடது இமை தானாக மெல்ல இறங்கி இறங்கி கண் பாப்பாவை மறைத்துவிட்டது. பிறகு ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு, துணியில் சுற்றி, மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தால் இமை மேலே! அவர் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்து, மூன்று மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அடுத்து அவர் எழுதிக் கொடுத்தது கண்ணுக்கு இல்லை, நெஞ்சுக்கு சிடி ஸ்கேன்.

கண்ணைக் காட்ட வந்தவருக்கு எதற்கு நெஞ்சில் ஸ்கேன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது தெரிந்த பதிலைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடுகிறேன். இமை சரிவதற்கும் இரட்டையாகத் தெரிவதற்கும் காரணங்கள் ஏராளம். வயதானால் இமைத் தசையின் நாண் தளர்வது, சர்க்கரை நோயால் கண் நரம்பு பாதிக்கப்படுவது, தைராய்டு என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. நான் சொல்லப்போகும் நோய்கள் அரிதானவை. ஆனால் அரிதானவை என்பதாலேயே யாருக்கும் சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை, மாதக்கணக்கில் தவறிப்போகின்றன.

ஒரு தசை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மதகு திறந்தால் வாய்க்காலில் வருகிறது, வயல் மடை வழியாக உள்ளே பாய்கிறது. நரம்பின் முனைதான் ஏரி. அதில் தேங்கியிருக்கும் தண்ணீர் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் நரம்பு முனையிலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கும், அதுதான் மதகு. வெளியே வரும் அசிட்டைல்கோலின் எதிரே இருக்கும் தசையின் ஏற்பிகளில் போய் ஒட்டும், அதுதான் மடை. ஒட்டினால் தசை சுருங்கும். நரம்புக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. உடம்பின் அத்தனை அசைவும் அதைத் தாண்டித்தான் நடக்கிறது.

பெரியம்மாவுக்கு வந்தது மயஸ்தீனியா கிராவிஸ். இதில் மடை அடைபடுகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் தவறாகத் தன் சொந்தத் தசையின் ஏற்பிகளையே தாக்கி அடைத்தும் அழித்தும் விடுகின்றன. நரம்பு சரியாக இருக்கிறது, தசையும் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் இருக்கும் மடைதான் போதவில்லை. காலையில் தூங்கி எழுந்ததும் ஏரி நிறைந்திருப்பதால் மிச்சம் மீதி மடைகள் வழியாகவே வேலை நடந்துவிடும். ஒரு தசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு தடவையும் வெளிவரும் அசிட்டைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எல்லோருக்கும் இயல்பு. நமக்கெல்லாம் மடை தாராளமாக இருப்பதால் அது தெரிவதே இல்லை, இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காலையில் சரி, மாலையில் மோசம், ஓய்வெடுத்தால் மறுபடி சரி என்று போவது இதனால்தான். ஐஸ் வைத்ததும் இமை ஏறியதற்கும் காரணம் உண்டு. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி குளிரில் மந்தமாகிவிடும், இருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தேங்கி நிற்கும்.

சரி, உடம்பில் 600க்கும் மேற்பட்ட தசைகள் இருக்க, ஏன் முதலில் கண்? ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள், இமையைத் தூக்க ஒன்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் இவற்றுக்கு ஓய்வே கிடையாது. கண்தசைகளின் நரம்புகள் மிக வேகமாக உத்தரவு அனுப்புபவை. இவற்றில் ஏற்பிகளின் கையிருப்பும் மற்ற தசைகளைவிடக் குறைவு, கொஞ்சம் அடைபட்டாலே பற்றாக்குறை வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், காலில் பலம் பத்து சதவீதம் குறைந்தால் நமக்கு உறைக்காது, இரண்டு கண்ணும் மயிரிழை அளவு விலகினாலே ஒரு நார் இரண்டாகத் தெரிந்துவிடும். மயஸ்தீனியா வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் அடையாளம் கண்ணில்தான், அவர்களில் பலருக்கு இரண்டு வருடத்துக்குள் அது முகம், தொண்டை, கை, கால் என்று பரவவும் செய்கிறது.

இப்போது நெஞ்சு. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தைகளுக்கு நன்றாகப் பெரிதாக இருக்கும், பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும். 'இது நம்மவன், இது வெளியாள்' என்று நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் அதுதான். அங்கே தைமோமா என்ற கட்டி வந்தால் பாடம் குழம்பி, நம்மவனையே அடிக்கும் அணுக்கள் தேர்ச்சி பெற்று வெளியே வந்துவிடுகின்றன. மயஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குத் தைமோமா இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், தைமோமா உள்ளவர்களில் குறைந்தது மூன்றில் ஒருவருக்காவது மயஸ்தீனியா வருகிறது. அதனால்தான் மயஸ்தீனியா என்று தெரிந்தால், இருமல் இல்லை, நெஞ்சுவலி இல்லை என்றாலும் எல்லோருக்கும் நெஞ்சை ஸ்கேன் செய்கிறார்கள். பெரியம்மாவுக்கு நாலு சென்டிமீட்டர் கட்டி இருந்தது. அவருக்கு நெஞ்சில் ஒரு நாளும் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

இதில் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டி கண்ணுக்குப் போகவில்லை. புற்றுநோய் பரவிக் கண்ணில் வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம், அது தேவையே இல்லாத அழுகை. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, எதிர்ப்பு சக்திதான் வழி தவறிக் கண்தசையை அடிக்கிறது. (கட்டியே நேரடியாகக் கண்தசைக்குப் பரவுவதும் உண்டு, மார்பகப் புற்றுநோயில் சில சமயம் அப்படி நடக்கும். அது வேறு கதை, காலை மாலை என்று ஏறி இறங்காது.)

இதற்கு நேர் எதிரான இன்னொரு நோய் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லாம்பர்ட், ஈட்டன், ரூக் என்ற மருத்துவர்கள் 1956ல் விவரித்தது. அதை லாம்பர்ட்-ஈட்டன் நோய் என்கிறோம். இங்கே மடை நன்றாகவே இருக்கிறது, மதகுதான் திறக்கவில்லை. ஆன்டிபாடிகள் நரம்பு முனையின் கால்சியம் வாயில்களைத் தாக்குகின்றன. ஏன் அவற்றைத் தாக்க வேண்டும்? நுரையீரலில் வரும் சிறு அணுப் புற்றுநோயின் மேற்பரப்பில் அச்சு அசலாக அதே வாயில்கள் இருக்கின்றன. உடம்பு புற்றுநோயை அடிக்கத்தான் ஆயுதம் செய்தது, அதே ஆயுதம் நரம்பையும் வெட்டுகிறது. இந்த நோய் வருபவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் இருக்கிறது, அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் புகைத்தவர்கள்.

துருப்பிடித்த மதகை ஒரு தடவை திருகினால் அசையாது, விடாமல் திருகத் திருகக் கொஞ்சம் வழிவிடும். லாம்பர்ட்-ஈட்டனிலும் அப்படித்தான், பத்துப் பதினைந்து விநாடி தசையை இறுக்கினால் பலம் கூடும். மயஸ்தீனியா நோயாளி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் இமை இறங்கும், லாம்பர்ட்-ஈட்டன் நோயாளி அப்படிப் பார்த்தால் சிலருக்கு இமை ஏறக்கூடச் செய்யும். ஆனால் இதில் கண் முதலில் வருவதில்லை. தொடை கனக்கும், படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கூடவே வாய் வறண்டு போகும். கண்ணில் லேசாக இமை சரிவு, கண் உலர்வு, வெளிச்சத்துக்குச் சோம்பேறித்தனமாகச் சுருங்கும் கண் பாப்பா. மயஸ்தீனியாவில் கண் பாப்பா ஒருபோதும் பாதிக்கப்படாது என்பதால் இந்த வித்தியாசத்தை டாக்டர்கள் கவனித்துப் பார்ப்பார்கள். கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே இந்தப் பலவீனம் வந்துவிடும் என்பதால், முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை என்று இரண்டு வருடம்வரை ஸ்கேன் எடுப்பார்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விட்டுவிடக் கூடாது, சீக்கிரம் பிடிபட்டால் லாபம் நோயாளிக்குத்தான்.

மூன்றாவது, டெர்மடோமயோசைடிஸ். தோலும் தசையும் ஒன்றாக அழற்சியடையும் நோய். இதில் கண்ணை அசைக்கும் தசைகளுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, அடையாளம் இமையின் தோலில் இருக்கும். மேல் இமை இரண்டும் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறி, லேசாக வீங்கும். புத்தகங்களில் வெள்ளைத் தோலில் எடுத்த படங்களைத்தான் போட்டிருப்பார்கள், அதில் அந்த ஊதா பளிச்சென்று தெரியும். நம் தோலில் அது பல சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரிகிறது, கருவளையம், தூக்கமில்லை, மை ஒத்துக்கொள்ளவில்லை, தலைக்கு அடித்த டை அலர்ஜி என்று ஆளுக்கொன்று சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டிருப்போம். அப்போது விரல் முட்டிகளைப் பாருங்கள், அங்கே மேடு மேடாகத் தடிப்பு இருக்கிறதா? தலை சீவக் கையைத் தூக்கினால் தோள் வலுவிழந்து இறங்குகிறதா? இமைக் கறுப்போடு இவையும் சேர்ந்திருந்தால் தோல் டாக்டரிடமோ மூட்டுவாத டாக்டரிடமோ உடனே போக வேண்டும். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் சுமார் 15 முதல் 25 சதவீதம் பேருக்கு உள்ளே ஒரு புற்றுநோய் இருக்கிறது. சினைப்பை, நுரையீரல், மார்பகம், வயிறு, குடல், கணையம் என்று எங்கு வேண்டுமானாலும். நோய் தெரிந்த முதல் வருடத்தில்தான் இந்த அபாயம் மிக அதிகம், அடுத்த சில வருடங்களில் குறைந்துகொண்டே போகும். குழந்தைகளுக்கு வரும் டெர்மடோமயோசைடிசுக்கு இந்தப் பயம் இல்லை.

இன்னும் ஒன்று, இது கொஞ்ச காலமாகத்தான் பார்க்கப்படுகிறது. புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி என்று ஊசி போடுகிறார்கள் இல்லையா, பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் என்றெல்லாம். எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை விடுவித்துக் கட்டியை அடிக்க வைக்கும் மருந்துகள் அவை. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் விட்ட வண்டி சில பேருக்குத் தசைமேலும் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள், அதாவது ஒன்றிரண்டு ஊசி முடிந்த நிலையில், இமை சரிந்து இரட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். சிகிச்சையில் இருப்பவர்கள் இதைச் சோர்வு என்று நினைத்து அடுத்த ஊசி வரை பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கவே கூடாது. ஏனென்றால் இந்த வகையில் கண்ணோடு சேர்ந்து இதயத் தசையும் மூச்சுத் தசையும் வீங்க வாய்ப்பு உண்டு, அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட வேண்டும். இசிஜி, இதயத் தசையும் மற்ற தசைகளும் சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின், சிபிகே ரத்தப் பரிசோதனை எல்லாம் உடனே பார்ப்பார்கள், ஊசியை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்குவார்கள்.

வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை சில இருக்கின்றன. இரட்டையாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒன்றாகிவிட்டால் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பவில்லை என்று அர்த்தம், தசை அல்லது நரம்பு. ஒரு கண்ணை மூடியும் இரண்டாகவே தெரிந்தால் பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணுக்குள்ளேயே உள்ள விஷயம், கண்புரை போல. அப்புறம் காலை எழுந்ததும் ஒரு போட்டோ, இரவு படுக்கும் முன் ஒரு போட்டோ, அதே இடம் அதே வெளிச்சம், ஒரு வாரம் எடுத்து வையுங்கள். காலை பத்து மணி டோக்கனில் டாக்டர் பார்க்க முடியாததை அந்தப் போட்டோ காட்டிவிடும். எங்களுக்கு இது அப்போதே தெரிந்திருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

காத்திருக்கவே கூடாத சில நிலைமைகள் உண்டு. விழுங்கும்போது புரையேறுவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இதெல்லாம் மயஸ்தீனியா மூச்சுத் தசையைத் தொடுகிறது என்பதற்கான அடையாளம், நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். திடீரென்று ஒரு இமை சரிந்து, கடும் தலைவலியோடு அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால் அது மயஸ்தீனியாவே இல்லை, மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம், அதுவும் அவசரம். அதற்கு மாறாக இமை லேசாகச் சரிந்து பாப்பா சிறுத்து, அதே பக்கத் தோளிலும் கையிலும் விடாத வலி இருந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இமையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஒரு குட்டித் தசைக்கான நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது.

சிகிச்சை பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மேரி வாக்கர் ஞாபகம் வருவார். 1934ல் லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். மயஸ்தீனியா நோயாளியைப் பார்த்தால் அம்பு நஞ்சான குராரே ஏறியவர் போலவே இருக்கிறாரே, அப்படியானால் குராரேக்கான முறிமருந்து இதற்கும் வேலை செய்யுமா என்று யோசித்து, பைசோஸ்டிக்மின் ஊசி போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியின் சரிந்த இமை மேலே ஏறியது. ஆன்டிபாடி என்ற காரணம் 1970களில்தான் தெளிவானது, மருந்து அதற்கு நாற்பது வருடம் முன்பே வந்துவிட்டது. இன்று கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் அதே வழிதான், தண்ணீரைச் சிதைய விடாமல் தேக்கி வைப்பது. வயிற்றைப் பிசையும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும், ஆனால் அரை மணி ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டும் வேறு மருந்துகளும் உண்டு. தைமோமா இருந்தால் அறுவை சிகிச்சைதான். லாம்பர்ட்-ஈட்டனுக்கு அமிஃபாம்ப்ரிடின், கூடவே புற்றுநோய்க்கான சிகிச்சை.

மயஸ்தீனியா உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், பல் டாக்டரிடம்கூட. சாதாரணமாகக் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக்குகள், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்றவை, பலவீனத்தைச் சட்டென்று கூட்டிவிடும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண்ணில் விடும் இரண்டு சொட்டு என்ன செய்துவிடும் என்று தோன்றும், ஆனால் அது ரத்தத்தில் கலக்கிறது.

பெரியம்மாவுக்கு முதலில் இரண்டு மாதம் மருந்து கொடுத்துப் பலத்தைத் தேற்றிவிட்டு அப்புறம்தான் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டி உறைக்குள்ளேயே இருந்ததால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. கட்டியை எடுத்த மறுநாளே இமை ஏறிவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், அப்படி நடக்கவில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடி குறைய மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத்தான் மாத்திரை பாதியானது. இப்போது அவர் பூ கட்டுவதைக் காலை பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டார், முதல் மாத்திரை போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு. நார் ஒன்றாகத்தான் தெரிகிறதாம். அடுத்த நெஞ்சு ஸ்கேன் தை மாதம்.